முறிவின் மேல் ஒட்டிய லேபிள்

தோள் என்றால் என்னிடம்தான் வருவீர்கள். முதல் வருடத்திலிருந்தே அப்படித்தான். அனாடமி வைவாவுக்கு முந்தின சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நான் கிளாவிக்கிள், ஸ்கேபுலா, அக்ரோமியன், கோரகாய்டு என்று ஒரே மூச்சில் சொல்ல, நீங்கள் பின்பாட்டு மாதிரி சொல்வீர்கள். "உனக்கு மட்டும் எப்படிடி இது தண்ணி பட்ட பாடா இருக்கு?" என்று யாராவது கேட்பீர்கள். "சின்ன வயசுல எங்க மாமாவுக்கு ஃபிராக்சர் ஆச்சு, அப்பவே படிச்சிட்டேன்" என்று நான் சொல்வேன்.

பொய் இல்லை. பாதி.

பிசியோதெரபி இன்டர்ன்ஷிப் முடியப்போகிறது, பிரிவதற்கு முன்னால் ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கல்லூரி நாட்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு தடவை ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த மீதிப் பாதிதான் முன்னால் வந்து நின்றது. சரி, அதையே எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. ஈஜிபுராவில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஷீட் போட்ட வீடு. அப்பா பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். விடிவதற்கு முன் பஸ் பிடிப்பவர், நான் தூங்கின பிறகுதான் திரும்புவார். அதனால் பகலில் வீட்டில் அம்மா, நான், மாமா. மாமா அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடேயே இருந்தார். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுவது அவர் வேலை.

இருபது லிட்டர் கேனைத் தூக்குவதில் எத்தனை விதம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சிலர் இடுப்பில் அணைப்பார்கள், சிலர் கழுத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டு போவார்கள். மாமா முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி, ஒரே எக்கில் இடது தோளில் ஏற்றிவிடுவார். உள்ளே தண்ணீர் 'களக்' என்று ஒரு பக்கம் சாய்ந்து நேராகும் வரை அசையாமல் நிற்பார். பிறகுதான் படி ஏறுவார். அவருடைய எல்லாச் சட்டைகளிலும் இடது தோள் மட்டும் வெளுத்திருக்கும். கிட்டப் போனால் ஈரப் பிளாஸ்டிக் வாசனை அடிக்கும். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். இப்போதும் கேன் கடையைத் தாண்டும்போது நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் படிக்கிற வேலை என்னுடையது. படிப்பு என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் காகிதங்களை வாசித்துச் சொல்லும் வேலை. அம்மாவுக்குத் தமிழ் மட்டும் படிக்க வரும். மாமா கன்னடத்தில் யாரோடு வேண்டுமானாலும் வாயடிப்பார், எழுத்து தெரியாது. ஃபிளாட் நம்பர் பார்த்துப் பார்த்து எண்கள் மட்டும் நன்றாகத் தெரியும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தது நான் ஒருத்திதான். கேஸ் ஆபீஸ் காகிதம், ஸ்கூல் சர்க்குலர், மாத்திரை அட்டை எல்லாம் என் கைக்குத்தான் வரும். கட்டிலில் உட்கார வைப்பார்கள். மிக்ஸியை நிறுத்திவிட்டு அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு வருவாள். "என்ன போட்டிருக்கான், பாப்பா?"

அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பெரியவர்கள் இரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தெரியாத வார்த்தை வந்தால் நான் நின்றதே இல்லை, தாவிவிடுவேன். கண்டுபிடிக்க அங்கே ஆள் கிடையாது.

தசரா லீவு முடிகிற சமயம். மழை. அன்று வியாழக்கிழமை காலை ஒரு அப்பார்ட்மென்டில் யாரோ படியைத் துடைத்துவிட்டு ஈரத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். மாமா கேனோடு சறுக்கி, இடது தோள் கீழே படும்படி விழுந்தார். வீட்டுக்கு வரும்போது இடது முழங்கையை வலது கையால் தாங்கிக்கொண்டு, தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு வந்தார். இன்று அப்படி ஒருவர் வாசலில் நுழைந்தாலே நாம் எல்லோரும் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே எலும்பின் பெயரைச் சொல்லிவிடுவோம். அன்று அம்மா, "என்னடா, கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்றுதான் கேட்டாள்.

"கழுத்து நல்லாத்தான்கா இருக்கு. கேனுதான் உடைஞ்சிடுச்சு" என்றார் மாமா. சிரிக்கப் பார்த்து முடியாமல் சுவரில் சாய்ந்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். காகிதம் இருக்கும் இடத்துக்கு நான் போக வேண்டும் இல்லையா. எலும்புப் பிரிவில் வாசல் தாண்டி வராண்டா வரை வரிசை. டாக்டர் சின்ன வயதுக்காரர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் சொருகினார். நான் எட்டிப் பார்த்தேன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற காறை எலும்பு இரண்டு துண்டாகி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. வலியைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். பயந்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் எனக்கு வந்தது பயம் இல்லை. இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று இருந்தது.

டாக்டர் சீட்டில் மளமளவென்று எழுதி நீட்டினார். "எல்லா பரெதிதீனி, நோட்கொள்ளி" என்றார். எல்லாம் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். மாமா அதைக் காட்டி ஏதோ கேட்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதுகில் எட்டு மாதிரி பட்டை கட்டி, கைக்கு ஒரு பை மாட்டி அனுப்பினார்கள். அன்று நான் மாத்திரைப் பெயர்களை மட்டும்தான் வாசித்தேன். அம்மா அழுதுகொண்டிருந்ததால் மீதியை யாரும் கேட்கவில்லை.

சீட்டின் முதல் வரியில் இரண்டு நெடுக்குக் கோடு, இரண்டு குறுக்குக் கோடு போட்ட ஒரு குறி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெருக்கலும் சைபரும் போட்டு விளையாடுவோமே, அந்தக் கட்டம். டாக்டர் சீட்டில் எதற்கு விளையாட்டு என்று தோன்றியது. அதுதான் ஃபிராக்சருக்கான குறி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மறுநாள் பள்ளிக்கூட லைப்ரரியில் மனித உடல் பற்றிய ஒரு பெரிய புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். கிளாவிக்கிள். ஸ்கேபுலா. ஹியூமரஸ். கையை உடம்போடு இணைக்கிற ஒரே எலும்புப் பாலம் காறை எலும்பு என்கிற இந்தக் கிளாவிக்கிள்தான், மீதியெல்லாம் சதையின் பிடிப்பு என்று அதில் போட்டிருந்தது. அந்த வரியை இடைவேளையில் நாலு பேரைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன்.

அதே நாள் சயின்ஸ் மிஸ் வகுப்பில் எக்ஸிபிஷன் பற்றிச் சொன்னார்கள். இன்னும் இரண்டு வாரம், வியாழக்கிழமை. நான் எழுந்து நின்று, "மிஸ், நான் நிஜ எக்ஸ்ரே கொண்டு வரேன்" என்றேன். மிஸ் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்கள். "ஒரிஜினலா? அப்ப உனக்கு ஜன்னல் பக்கம் டேபிள். முன்னாடியே கொண்டுவந்து குடுத்துடணும், நானே கண்ணாடியில ஒட்டுறேன்."

ஜன்னல் பக்க டேபிள் வழக்கமாக யாருக்குப் போகும் என்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அப்பாக்கள் இன்ஜினியராக இருக்கிற பிள்ளைகளுக்கு. மோட்டார் சுற்றும், பல்பு எரியும் மாடல்கள் அவர்களுடையவை. அன்று நான் ஈஜிபுரா வரை ஓடியே வந்தேன்.

வீட்டில் மாமா கட்டிலில் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அம்மா காபி ஆற்றிக்கொண்டே, "அந்தச் சீட்டை முழுசாப் படிச்சிச் சொல்லு. மறுபடி எப்ப போவணும்னு பாரு" என்றாள்.

நான் படித்தேன். இரண்டு வாரம் கழித்து, பழைய ஃபிலிமுடன் வரவும். ஆறு வாரம் கைப் பை. எடை தூக்கக் கூடாது. எண்ணாக எழுதியிருந்தால் மாமாவே பார்த்திருப்பார். அந்த டாக்டர் எழுத்தாக எழுதியிருந்தார், அதுவும் ஓரளவு தெளிவாக. 'டூ' என்ற மூன்று எழுத்து. அதைப் படிக்காத ஆறாம் வகுப்பு எங்கே இருக்கிறது?

இரண்டு வாரம் என்றால் அதே வியாழக்கிழமை. ஃபிலிம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"என்ன, பாப்பா?"

"நாலு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க."

அவ்வளவு சுலபமாக வந்தது. நான் எச்சில்கூட விழுங்கவில்லை. அடுத்த வரியை உண்மையாகவே படித்தேன். "ஆறு வாரம் கைக்குப் பை போடணுமாம்."

மாமா ஒரு கணம் யோசித்தார். "நாலு வாரத்துல வான்னுட்டு ஆறு வாரத்துக்கு எதுக்குப் பை போடச் சொல்றான்? நல்லாப் பாரு."

நான் நல்லாப் பார்ப்பது போலச் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனேன். முதல் பொய்யைத் தாங்கிப் பிடிக்க இரண்டாவது வேண்டியிருந்தது. "பையும் நாலுதான் மாமா. டாக்டர் கையெழுத்து, ஆறு மாதிரி தெரியுது."

அம்மாவின் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத ஒரு தெளிவு. "ஒரு மாசம் கழிச்சு வந்தாப் போதும்னா பெருசா ஒண்ணும் இல்லடா. பிராக்சர்தானே, உடையலையே."

இதை நம் ஓ.பி.யில் தினம் கேட்கிறோம். ஃபிராக்சர் என்றால் விரிசல், சின்னது, தானாகக் கூடிவிடும். உடைந்தால்தான் பிளேட், ஆபரேஷன். நம் ஜனங்கள் பாதிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நாம் ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. அன்று காலையில்தான் லைப்ரரிப் புத்தகத்தில் நான் அதைப் படித்திருந்தேன். எலும்பு உடைவதற்குப் பெயர்தான் ஃபிராக்சர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த வீட்டிலேயே அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஃபிலிமை நானும் பார்த்திருந்தேன், ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு ஏறி நின்றதையும். வாயைத் திறக்கவில்லை. அம்மா சூடம் கொளுத்தி மாமாவுக்குச் சுற்றிப் போட்டாள். நான் ஃபிலிமை எடுத்து என் நோட்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

அதைக் கையில் எடுத்து ஆட்டினால் 'வப் வப்' என்று சத்தம் வரும். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் கறுப்புக்குள்ளிருந்து நீலம் எழும்பும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துவிடுகிறோம், யாரும் அப்படித் தூக்கிப் பிடிப்பதில்லை. மாமாவுக்கு ஒட்டியதில் மிச்சம் இருந்த வெள்ளைப் பிளாஸ்திரியைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி, ஃபிலிமின் மேலேயே ஒட்டினேன். ஸ்கேபுலா இங்கே. ஹியூமரஸ் இங்கே. கிளாவிக்கிள் என்பது இங்கிலீஷில் நீளமான வார்த்தை, அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். எலும்பின் நடுவில்தான் இடம் இருந்தது. அங்கே ஒட்டினேன். முறிவு அதற்கு அடியில் போய்விட்டது. தெரிந்து செய்ததா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். லேபிள் நேராக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அன்றைய கவலை.

வியாழக்கிழமை எக்ஸிபிஷனுக்கு மாமா வந்தார். நான்தான் வரச் சொன்னேன். தலைக்கு எண்ணெய் வைத்து, ஒரு கையில் மட்டும் சட்டை மாட்டி, மறு பக்கம் பைக்குள் கையோடு, என் டேபிள் பக்கத்தில் நின்றார். ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் வரிசையில் நிற்க வேண்டிய அதே காலை நேரம். ஜன்னல் வெளிச்சத்தில் அவருடைய எலும்பு பளிச்சென்று தெரிந்தது. வருகிறவர்களிடம், "மேடம், இது நானு. உள்ள இருக்கிற நானு" என்று சொல்லிச் சிரித்தார். நான் ஸ்கேல் குச்சியை எடுத்து, ஃபிலிமில் ஒரு தட்டு, அவர் தோளில் ஒரு தட்டு என்று விளக்கினேன்.

ஒரு பிள்ளையின் அம்மா, டாக்டரோ நர்ஸோ தெரியவில்லை, கொஞ்ச நேரம் ஃபிலிமையே பார்த்தார். "முறிவு எங்கேம்மா இருக்கு? லேபிள் மறைக்குதே" என்றார். நான் ஓரத்தைக் கொஞ்சம் உரித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது. "இது நல்லா விலகியிருக்கே. மறுபடி டாக்டரைப் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு ஆன்ட்டி. சரியாயிட்டு வருதுன்னு சொன்னாங்க."

மாமா அந்தப் பக்கம் யாருக்கோ அக்ரோமியன் எங்கே இருக்கிறது என்று தன் தோளைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். என் பதில் அவர் காதில் விழவில்லை. அதற்கு அப்புறம் ஜட்ஜுகள் வந்தபோது, தோள் மூட்டு எப்படி அசையும் என்று காட்ட, "கையைப் பையிலேர்ந்து எடு மாமா. கொஞ்சம் தூக்கு" என்றேன். அவர் எடுத்தார். தூக்கினார். எவ்வளவு முடிந்ததோ அவ்வளவு. மேல் உதட்டில் வியர்வை பொட்டுப் பொட்டாக அரும்பியது. எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஜியோமெட்ரி பாக்ஸ். மாமா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் படி ஏறினார்.

ஃபிலிமை மிஸ் திருப்பித் தரவில்லை. வேறு பள்ளிக்கூடத்தில் போட்டி இருக்கிறது, அனுப்பப்போகிறேன் என்று பீரோவில் வைத்தார்கள். நான் கேட்கவும் இல்லை. அது வீட்டுக்கு வந்தால் யாராவது சீட்டையும் எடுப்பார்கள்.

மூன்று வாரம் முடிந்ததும் மாமா பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நாலு வாரம் சொன்னாங்களேடா" என்றாள் அம்மா.

"வலியே இல்லக்கா. நாலுன்னு போட்டா மூணுலயே சரியாயிடும். என் லைன்ல வேற ஆளை ஏத்திட்டிருக்காங்க, இன்னும் ஒரு வாரம் போனா என் முகமே மறந்துடுவாங்க."

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும்போது நான் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சொல்ல அது ஒரு சந்தர்ப்பம். ஆறு வாரம் மாமா, எடையே தூக்கக் கூடாது மாமா. பென்சில் முனை உடைந்தது, சீவினேன். முதல் சில நாள் வலது தோளில் தூக்கினார். பிறகு பழக்கம் இழுத்தது. ஒருநாள் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். முழங்காலால் ஒரு தட்டு, ஒரு எக்கு, கேன் இடது தோளில். தண்ணீர் நேராகும் வரை நின்றார். இந்த முறை கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

நாலாவது வாரம் வந்தது, போனது. வேலைக்குப் போகிற மனிதருக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் கொடுக்க மனசு வரவில்லை. யாரும் சீட்டை எடுக்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

பொங்கல் முடிந்த பிறகு அம்மாதான் கவனித்தாள். எண்ணெய் தேய்க்கும்போது கை இடறியிருக்கிறது. காறை எலும்பில் ஒரு மேடு, கொட்டைப் பாக்கு அளவுக்கு. இடது தோள் முன்னால் சரிந்து, கை குட்டையாகிவிட்டது போல இருந்தது. தலைக்கு மேல் கை தூக்கினால் நடுங்கியது. மறுபடி அதே பெரிய ஆஸ்பத்திரி. இந்தத் தடவை அம்மா வரவில்லை, மாமா என்னை மட்டும் கூட்டிப் போனார். இந்த முறை வேறு டாக்டர், வயதானவர். புது எக்ஸ்ரேயைப் பார்த்தார். எலும்பு சேர்ந்திருக்கிறது, கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்றார். பழைய சீட்டை வாங்கிப் படித்தார்.

"எரடு வாரக்கே பன்னி அந்தா பர்தித்தல்வா? யாக்கே பர்லில்லா?" இரண்டு வாரத்தில் வரச் சொல்லி எழுதியிருந்ததே, ஏன் வரவில்லை?

மாமா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். கோபம் இருந்ததா என்று நான் தேடினேன், இல்லை. உடனே டாக்டர் பக்கம் திரும்பி, "தப்பு நந்தே சார்" என்றார். தப்பு என்னுடையதுதான். டாக்டர் வரிசை முழுக்கக் கேட்கும்படி திட்டினார். படிக்காத ஜனங்கள், சொன்னால் கேட்பதில்லை, பிறகு கை போச்சு என்று வந்து நிற்பது. மாமா தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். ஆபரேஷன் செய்து மறுபடி உடைத்துச் சேர்க்கலாம் என்றார்கள். மறுபடி உடைப்பது என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமா வேண்டாம் என்றுவிட்டார்.

திரும்பும் வழியில் தள்ளுவண்டியில் எனக்கு மசால் பூரி வாங்கிக் கொடுத்தார். தான் சாப்பிடவில்லை. "டாக்டருங்க எழுத்து அவங்களுக்கே புரியாது. ஆறாங்கிளாஸ் புள்ள நீ, நீ என்ன பண்ணுவ" என்றார். நான் தலையாட்டினேன். "அக்காகிட்ட நீ எதுவும் சொல்லிக்காத. நான் பேசிக்கிறேன். அப்புறம் உன்னைப் படிக்கச் சொல்லவே பயப்படுவா." அதற்கும் தலையாட்டினேன். பூரி காரமாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு தலையைத் தடவிக் கொடுத்தார்.

அம்மாவிடம் சொன்னார்: "ரெண்டு வாரத்துல வரச் சொன்னாங்கக்கா. டாக்டர் வாயாலயே சொன்னாரு, எனக்குத் தெரியும். நான்தான் போகல."

பதினொரு வருஷம் அம்மா அவரைத் திட்டினாள். கேன் வேலை விட்டுப்போய் அப்பார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி ஆனபோது திட்டினாள். டெய்லர் இடது தோளில் பஞ்சு வைத்துத் தைத்தால்தான் சட்டை நிற்கிறது என்ற நிலை வந்தபோது திட்டினாள். பெண் பார்க்கப் போன இடத்தில் தோளைப் பற்றி யாரோ ஏதோ சொன்னதாகத் தெரிந்தபோது அழுதுகொண்டே திட்டினாள். "சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா இந்தக் கதி உண்டா?" மாமா, "ஆமாக்கா" என்பார். ஒவ்வொரு தடவையும் நான் அங்கேயே இருப்பேன், கையில் ஏதாவது புத்தகத்தோடு.

மூன்றாம் வருடம் ஆர்த்தோ படித்தோம். கிளாவிக்கிள் நடுவில் முறிந்து நன்றாக விலகியிருந்தால், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாலும் சிலருக்குக் கோணலாகத்தான் சேரும் என்று ஒரு பத்தி வந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேன்டீனில் உங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், யாருக்கும் காரணம் சொல்லவில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பும்போதுதான் அந்த நிம்மதி என்ன ஜாதி என்று புரிந்தது. மாமாவின் கை எப்படியும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். சீட்டை மாற்றிப் படித்த பதினொரு வயதுப் பெண்ணைவிட டீ வாங்கிக் கொடுத்த இருபது வயதுப் பெண் மோசம்.

நாம் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுவோமே, 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று. ஐந்து எழுத்தில் சுருக்கியும் எழுதுவோம். போன மாதம் ஒருவருக்கு அதை எழுதப் போய்ப் பேனா நின்றுவிட்டது. அவரிடம் கேட்டேன், "உங்களுக்கு இந்தச் சீட்டை யாரு படிச்சுச் சொன்னாங்க?" "எம் பையன்மா, ஏழாவது படிக்கிறான்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். பிராக்டிகலுக்குக் கையால் தடவி எலும்பு அடையாளம் காண்பதற்கு ஆள் தேவை என்றேன். "என் தோள்ல படி" என்று மாமா சட்டையைக் கழற்றிவிட்டு மாடி வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நெஞ்சுக் குழியின் ஓரத்தில் விரல் வைத்து, காறை எலும்பின் வளைவோடு வெளியே நகர்ந்தேன். பாதியில் விரல் ஏறி இறங்கியது. லேபிள் ஒட்டிய இடம். அத்தனை வருஷமாக அந்த மேட்டை நான் தொட்டதே இல்லை.

"மாமா, அந்தச் சீட்டை நான் தப்பாப் படிக்கல."

"எந்தச் சீட்டு?" என்றார். எந்தச் சீட்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"ரெண்டுன்னுதான் போட்டிருந்துச்சு. நல்லாத் தெரிஞ்சுது. எக்ஸிபிஷனுக்கு ஃபிலிம் வேணும்னு நாலுன்னு சொன்னேன்."

பக்கத்துக் கட்டடத்தில் சுவரைத் துளை போடும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் கேட்டார்.

"ஆறு வாரம் பையும்?"

"அதுவும்தான்."

சட்டையை எடுத்தார். முதலில் இடது கை, பிறகு வலது. நாம் நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வரிசை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "தெரியாமப் படிச்சிட்டன்னு நெனச்சேன்" என்றார். பொத்தான் போட்டுக்கொண்டே இன்னொரு தடவை, தனக்குத்தானே சொல்வது போல, "தெரியாமன்னு நெனச்சேன்." அதன் பிறகு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கீழே இறங்கிப் போனார். அன்று அவருக்கு டியூட்டி மத்தியானத்துக்கு மேல்தான்.

அம்மாவிடமும் அன்றே சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்தாள், மறுபடி ஊற்றினாள், மறுபடி வடித்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து மாமாவையும் திட்டுவதில்லை. திட்ட வேண்டியது என்னை, அதையும் செய்யவில்லை. வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது.

போன வாரம் மாமாவை நம் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்தேன். இப்போது என்ன செய்ய முடியும் என்று எலும்புப் பிரிவு சாரிடம் கேட்க. காரிடாரில் என்னைப் பார்த்துச் சிலர் கையசைத்தீர்கள், நான் பதிலுக்கு அசைக்கவில்லை. அந்தச் சமயம் இதுதான் நடந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே ரிப்போர்ட் கைக்கு வந்தது. மாமா அதை வாங்கி, ஒரு நிமிஷம் தன் கையிலேயே வைத்திருந்துவிட்டு, என்னிடம் நீட்டினார். "படி."

படித்தேன். இடது காறை எலும்பின் நடுவில் பழைய முறிவு. துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய நிலையில் கோணலாகக் கூடியிருக்கிறது. எலும்பின் நீளம் குறைந்திருக்கிறது. தோள் மூட்டில் வேறு கோளாறு இல்லை. எந்த வார்த்தையையும் தாவவில்லை.

மாமா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றார். "வேற ஒண்ணும் போடலையே?"

எத்தனையோ வருஷமாக எத்தனையோ காகிதம் அவருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறேன். சீட்டு விவகாரத்துக்குப் பிறகும் என்னிடம்தான் கொண்டு வருவார். இந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

"அவ்வளவுதான் மாமா" என்றேன். பெஞ்சில் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, காகிதத்தை இருவருக்கும் நடுவில் பிடித்து, முதல் வார்த்தையின் கீழ் விரலை வைத்து, மறுபடி ஆரம்பித்தேன்.